மீளும் நேரம்

கிண்டியில், இரண்டாம் மாடியில்,
ஏசி பழுதான அறையில்
கண்ணாடிச் சில்லுகளை நானூறு டிகிரியில் சுடவைத்து
வெள்ளீய உப்புக் கரைசலைப் பீய்ச்சுகிறேன்.
ஒரு புஸ். பத்து நொடி பொறுமை. இன்னொரு புஸ்.
தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த கைக்கு
இந்தச் சத்தம் புதிதல்ல.

நாற்பதாவது பீய்ச்சலில் கண்ணாடி ஊதா ஆகிறது.
சாயமில்லை, தடிமன்.
ஒளி உள்ளே போய்த் திரும்பும் தூரம்தான்
அப்படி நிறம் காட்டுகிறது.
இன்னும் ஐந்து அடித்தால் நீலம்.
நீலத்துக்கு மோப்பம் மந்தம். நிறுத்திவிடுகிறேன்.

மோப்பம் என்றால் இவ்வளவுதான்:
சூடேறிய படலத்தின் மேல் ஆக்சிஜன் வந்து அமர்ந்து
எலக்ட்ரான்களைக் கைமாற்றாக வாங்கிக்கொள்ளும்.
உள்ளே புழக்கம் நின்றுபோய் மின்தடை ஏறும்.
பிறகு ஒரு கெட்ட வாயு வந்து
ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஓடும்.
ஓடுகிறவன் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடும்
ஒரே இடம் இதுதான்.
தடை சடாரென விழும்.
திரையில் அந்தக் கோடு விழுவதை
வாசனை என்று சொல்லிக்கொள்கிறேன்,
மூன்று வருடமாக.

மூன்று வருடம் முன்பு வந்த காய்ச்சல்
மற்றதையெல்லாம் திருப்பித் தந்தது.
காப்பி இப்போது சூடு, கசப்பு, அவ்வளவே.
சோதனைக் குடுவையில் அழுகிய முட்டை வாயு ஒரு துளி கசிந்தாலும்
பக்கத்து மேசை பெனசிர் வெளியே ஓடுவாள்.
எனக்கு மீட்டர் சொன்னால்தான் உண்டு.

மீட்டரை நம்பவிடாதது இந்த ஊர்.
ஐப்பசி ஈரம் எல்லோருக்கும் முன்னால் வந்து
பஸ் சீட்டில் துண்டு போட்டவன் மாதிரி
படலத்தில் இடம் பிடித்துவிடும்.
காலையில் குறித்த அடிக்கோடு
மதியத்துக்குள் எங்கோ நழுவியிருக்கும்.
எங்கோ குளிர்நாட்டில் எழுதிய கட்டுரையில்
'உலர்ந்த காற்றில்' என்று ஒரு சொல்.
அதைப் பொறாமையோடு படித்தேன்.

வியாசர்பாடியில் ஒரு மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள்.
டப்பாவோடு நடந்தோம்.
டாஸ்மாக்கைத் தாண்டும்போது அது வீறிட்டது.
"உன் மிஷினுக்கும் பழக்கம் இருக்கா?" என்றான் எத்திராஜுலு.
என் வயதுதான். அடைப்பெடுக்கும் லாரியில் குழாய் பிடிக்கிறவன்.
"ஆள் யாரும் இறங்குறதில்ல மேடம், மிஷின்தான்,"
என்றார் கான்ட்ராக்டர், யாரும் கேட்காமலே.

கயிற்றில் இறக்கினோம்.
ஐந்தடி. எட்டடி.
பத்தில் கோடு விழுந்தது.
சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக,
நான் எண் தெரியவில்லையென்று
இன்னும் குனிந்தேன்.
தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான் எத்திராஜுலு.
"நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல.
திடீர்னு நின்னுச்சு பாரு, அப்ப ஓடணும்.
நாத்தமே இல்லடான்னுதான் எங்கண்ணன் சொன்னான்,
கீழயிருந்து."

எனக்கு நின்று மூன்று வருடமாகிறது
என்று நான் சொல்லவில்லை.

நோட்டில் எழுதினேன்:
ஆழம் பத்தடி. எதிர்வினை பதினொரு நொடி.
டப்பாவை மேலே தூக்கியதும் கோடு ஏறத் தொடங்கியது,
படியேறும் ஆள் நின்று நின்று ஏறுவதுபோல.
மீளும் நேரம் நான்கு நிமிடம்.
பழைய இடத்துக்கு முழுசாக வரவில்லை.
"எவ்ளோ ஆகும் இது?"
படலம் இருபது ரூபாய், பேட்டரியும் சூடாக்கியும் தனி என்றேன்.
பீடியைப் பற்றவைக்கப் போய்,
மூடியைப் பார்த்துவிட்டுக் காதில் செருகிக்கொண்டான்.

ராத்திரி கும்மிடிப்பூண்டி வண்டி.
டப்பா மடியில் ஆறிக் கிடந்தது.
ஆறிய படலத்துக்கு ஒன்றும் தெரியாது.
கொருக்குப்பேட்டை தாண்டி, சிக்னல் கிடைக்காமல் நின்றோம்.
பெட்டி முழுக்கக் கைக்குட்டைகளும் முந்தானைகளும் மேலேறின.
நானும் துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்தேன்,
மற்றவர்களைப் பார்த்து.

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக்
கையை இறக்கினார்கள்.
போய்விட்டதா, பழகிவிட்டதா,
யாரையாவது கேட்க வேண்டும்போலிருந்தது.